இளைப்பும் உணவு ஒவ்வாமையும் ஒரே குழந்தைக்கு இருந்தால்: சேலம், ஏற்காடு பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு 6 வயது நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீதி முனைத் தள்ளுவண்டியில் வாங்கிவந்த தட்டுவடை செட்டில் இரண்டாவதைக் கடித்தவள், மீதியைத் தட்டில் வைத்துவிட்டு, “அம்மா, தொண்டைக்குள்ள முள்ளு குத்துற மாதிரி இருக்கு” என்றாள். சிறிது நேரத்தில் கீழுதடு தடித்தது. கழுத்தில் காணாக்கடி போலத் திட்டுத் திட்டாகச் சிவந்தது. பிறகு இருமல் வந்தது. 3 வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு என்பதால், இருமலைக் கேட்டதும் எங்கள் கவனம் முழுவதும் இன்ஹேலரைத் தேடுவதில் போய்விட்டது. உதட்டையும் கழுத்தையும் அந்த இருமலோடு சேர்த்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனையில் தொடையில் போட்ட ஓர் அட்ரினலின் ஊசியில், சில நிமிடங்களில் மூச்சு சீரானது. சட்னியில் அரைத்திருந்த நிலக்கடலைதான் காரணம் என்பது பின்னர் உறுதியானது.

அதுவரை இளைப்புக்கு ஒரு மருத்துவர், தடிப்புக்கு இன்னொரு மருத்துவர், இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு என்று நடத்திவந்தோம். இரண்டும் ஒரே குழந்தையின் உடலில் இருக்கும்போது அவற்றை ஒன்றாகத்தான் மதிப்பிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வந்தது. குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை உயிருக்கு ஆபத்தாக முடியும்போது, பெரும்பாலும் அது சுவாசக் குழாய் அடைபடுவதால்தான் நிகழ்கிறது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா அந்த ஆபத்தைப் பெரிதும் கூட்டுகிறது. ஆகவே நிலக்கடலையைத் தவிர்ப்பதில் காட்டும் அதே கண்டிப்பை, தினமும் காலையும் இரவும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரிலும் காட்ட வேண்டும். நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகள் குழந்தை நல மருத்துவரிடமும் ஒவ்வாமை மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கான மருந்தின் அளவை அதன் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

முதல் படி: நோட்டுப் புத்தகம்

சோதனைகளுக்கு ஓடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மருத்துவர் உங்கள் குழந்தையைப் பத்து நிமிடம்தான் பார்க்கிறார், அதுவும் பெரும்பாலும் நன்றாக இருக்கும் நேரத்தில். விடியற்காலை 3 மணி இருமலைக் கேட்டவர் நீங்கள். எந்த நேரத்தில் இருமல் வந்தது, ஓடும்போதா, சிரிக்கும்போதா, படுத்த பின்பா, மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி கேட்டதா, முன்னதாகச் சளி பிடித்திருந்ததா என்பதையெல்லாம் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

உணவு தொடர்பாக எழுதும்போது இன்னும் நுணுக்கம் தேவை. என்ன சாப்பிட்டது, எவ்வளவு, முதல் அறிகுறி எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த வரிசையில் வந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, அதே உணவை முன்பு சாப்பிட்டபோது என்ன ஆனது, அன்று காய்ச்சல் இருந்ததா, சாப்பிட்டவுடன் ஓடி விளையாடியதா என எல்லாம் வேண்டும். தடிப்பு வந்தால் புகைப்படம் எடுங்கள். மூச்சு வாங்கினால், குழந்தைக்கு வேண்டியதைச் செய்துகொண்டே, வேறொருவரை விட்டுச் சட்டையைத் தூக்கி நெஞ்சை அரை நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறதா என்பதை அந்த அரை நிமிடம் காட்டிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 3, 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை கடலையோ கடலை மிட்டாயோ தின்னும்போது திடீரெனப் புரையேறி இருமி, அதன்பின் நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் கேட்டால், அதை இளைப்பு என்றோ ஒவ்வாமை என்றோ எண்ணிக் காத்திருக்கக் கூடாது. நிலக்கடலைத் துண்டு சுவாசக் குழாயில் சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 5 வயது வரை முழுக் கடலையைக் கையில் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: ஆஸ்துமாவை மதிப்பிடுவது

ஆஸ்துமா உள்ள குழந்தையின் சுவாசக் குழாய்களுக்குள் வெளியே தெரியாத ஒரு வீக்கம் எப்போதும் இருக்கிறது. வைரஸ் சளியோ தூசியோ புகையோ குளிர்காற்றோ அதன்மேல் படும்போது, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. சளி சுரந்து வழியை அடைக்கிறது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை உறுதிசெய்யத் தனிச் சோதனை ஏதும் இல்லை. அறிகுறிகள் திரும்பத் திரும்ப வருவது, சளி இல்லாத நாட்களிலும் இருமல் இருப்பது, குடும்பத்தில் ஆஸ்துமா அல்லது குழந்தைக்குத் தோல் கரப்பான் இருப்பது, 2, 3 மாதம் தடுப்பு மருந்து கொடுத்தால் குறைந்து, நிறுத்தினால் மீண்டும் வருவது ஆகியவற்றை வைத்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். உங்கள் நோட்டுப் புத்தகம் அந்த முடிவில் பாதி.

சுமார் 5, 6 வயதுக்கு மேல் ஸ்பைரோமெட்ரி செய்யலாம். முதல் விநாடியில் ஊதித் தள்ளும் காற்றை அளந்து, குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துச் சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கிறார்கள். அது 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. ஆனால் நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் அளவு இயல்பாகவே வரலாம். அதை வைத்து நோயே இல்லை என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் பயன்படுத்தப் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி உண்டு. குழந்தையை நிற்கவைத்து, மூச்சை முழுக்க இழுக்கச் செய்து, ஒரே வீச்சில் ஊதச் சொல்லி, மூன்று முறையில் அதிக அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நலமாக இருக்கும் 2 வாரங்களில் காலையும் மாலையும் ஊதிக் கிடைக்கும் மிக உயர்ந்த எண், அந்தக் குழந்தையின் சொந்தச் சிறந்த அளவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள். 50க்குக் கீழே சிவப்பு. குழந்தை வளர வளர அந்த எண்ணும் உயரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் மகள் நாளிதழ்த் துண்டைப் பறக்கவிட்டு ஊதப் பழகியதால் ஒரு வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டாள்.

நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதற்கு நான்கு கேள்விகள் போதும். கடந்த 4 வாரங்களில், பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அறிகுறி வந்ததா? ஓர் இரவாவது இளைப்பால் விழித்ததா? உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? விளையாட்டைப் பாதியில் விட்டதா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால்தான் கட்டுப்பாடு. ஒன்றிரண்டுக்கு ‘ஆம்’ என்றால் அரைகுறை. மூன்று, நான்கு என்றால் கட்டுப்பாடே இல்லை. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘வாரத்துக்கு இரண்டு முறை’ என்பதை ‘ஒரு முறை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளைக் குழந்தையிடமும் தனியாகக் கேளுங்கள். மூச்சு வாங்குமென்று பயந்து கபடி ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பதை அது தானாக வந்து நம்மிடம் சொல்லாது.

மூன்றாம் படி: ஊரின் காற்றும் வீட்டின் காற்றும்

“ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் வையுங்கள், இளைப்பு ஓடிவிடும்” என்று சேலத்தில் சொல்லாதவர் குறைவு. என் மாமனார் வீடு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டி இருப்பதால் நாங்களும் நம்பினோம். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரம் ஆஸ்துமாக்காரர்கள் நாடிச் சென்ற மலையூர்; அதன் உயரமும் ஏற்காட்டைப் போலவே சுமார் 1,500 மீட்டர்தான். ஆனால் டாவோஸின் காற்று வறண்டது. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சிக்கு ஈரம் இல்லாமல் வாழ்வில்லை என்பதால் அங்கே அது குறைவு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலோ மழைக்காலம் தொடங்கி மார்கழி, தை வரை மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. சுவர் ஓதம் எடுத்து, அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம் படர்கிறது. உயரம் ஒன்றாக இருந்தும் பலன் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் இந்த ஈரம்தான்.

அங்கே முதல் இரவே அவள் இருமத் தொடங்கியபோது, “மலைக்காத்துதான் கண்ணு, வேற ஒண்ணுமில்ல” என்றார் அத்தை. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பயணங்களை ஒப்பிட்டபோதுதான் காரணம் தெரிந்தது: டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போர்த்திய பழைய கம்பளி. அதை விலக்கி, சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திப் போர்வையைக் கொடுத்த பயணத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது.

படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் துவைப்பதும், துடைப்பத்தால் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதும், கரப்பான்பூச்சியை ஒழிப்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். சேலத்தில் இதற்கு மேலும் சில உண்டு. வீட்டிலேயே தறி ஓடினால் பஞ்சுத் தூசியும், கொலுசுப் பட்டறை இருந்தால் பற்றவைக்கும் புகையும் குழந்தை படுக்கும் அறைக்குள் வராதபடி கதவும் திசையும் அமைய வேண்டும். காப்பிக் களத்திலிருந்து வருபவர், குழந்தையைத் தூக்குவதற்கு முன் சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். கொசுவர்த்திச் சுருளை விட்டுவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொல்வது பல வீடுகளில் வருத்தம் தரும் என்று அறிவேன். எங்கள் வீட்டில் கற்பூரமும் புகையும் குறைத்து, விளக்கோடு பூசையை முடிக்க அத்தையே முன்வந்தார். வீட்டுக்குள் பீடி, சிகரெட் என்பதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நான்காம் படி: இன்ஹேலரைச் சரியாகக் கொடுப்பது

இரண்டு வகை மருந்து உண்டு. சால்புட்டமால் போன்றவை இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் உடனடி நிவாரணிகள். உள்வீக்கத்தை அவை தொடுவதில்லை. பூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் அந்த வீக்கத்தை நாட்கணக்கில், வாரக்கணக்கில் குறைக்கும் தடுப்பு மருந்துகள். நிறுவனத்துக்கு நிறுவனம் டப்பாவின் நிறம் மாறுவதால், நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். நிவாரணியை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து என்பதால்தான், 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் குழுவான ஜினா, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எவருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

“பம்ப் பழகிவிடும்” என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஸ்டீராய்டு என்றால் பயம் வருவது இயல்பு. அதற்கு நேர்மையான பதில் உண்டு. தொடர்ந்து எடுக்கும் முதல் ஓரிரு ஆண்டுகளில் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம். மாதத்துக்கு இரு இரவு மூச்சுக்குத் தவித்து, அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு நேரும் இழப்போ இதைவிடப் பெரிது. இளைப்புக்கு மான்டிலூகாஸ்ட் என்ற மாத்திரை கொடுத்தால் கெட்ட கனவு, எரிச்சல், சோர்வு போன்ற நடத்தை மாற்றங்களைக் கவனியுங்கள். இதற்காகவே 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன்மேல் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது.

மருந்தைவிட அதைக் கொடுக்கும் முறையில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. குழந்தைக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரின் முனையில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாய், கட்டாயம். சுமார் 4 வயது வரை அதோடு முகமூடியும் வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடும்படி பிடித்து, ஒரே ஒரு முறை அழுத்தி, குழந்தை சாதாரணமாக 5, 6 மூச்சு இழுத்து விடும்வரை எடுக்காமல் வைத்திருங்கள். அடுத்த அழுத்தலுக்கு முன் அரை நிமிடம் விட்டு மீண்டும் குலுக்குங்கள். இரண்டு முறை சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரில்தான் ஒட்டும். அழும் குழந்தைக்கு மருந்து நெஞ்சுக்குள் அதிகம் போகாது. மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்து அடக்கிய பிறகு கொடுப்பதே மேல். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முகத்தையும் துடைக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் உங்கள் ஸ்பேசரைக் கொண்டுபோய் அவர் கண்முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டப்போன எங்கள் மருத்துவர், நான் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, அளவை அப்படியே வைத்து முகமூடியை மட்டும் மாற்றினார்.

ஐந்தாம் படி: உணவு ஒவ்வாமையை மதிப்பிடுவது

உடனடி உணவு ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரியும்: தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், குரல் கம்முதல். பால் குடித்தபின் வயிறு உப்பிப் பேதியாவது பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமைதான். அதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. வேறு அறிகுறி ஏதுமின்றி நாள்பட்ட இளைப்பு மட்டும் இருந்தால், அதற்கு உணவு காரணமாவது அரிது. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் ‘சளி பிடிக்கும்’ என்று நிறுத்துவதால் இளைப்பு குறைவதில்லை, குழந்தைதான் மெலிகிறது. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், மீன், இறால், கோதுமை, சோயா ஆகியவையே உலகெங்கும் முதன்மைக் காரணிகள்.

அடுத்து சோதனைகள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில், முன்கையில் ஒவ்வோர் உணவின் சாற்றையும் ஒரு துளி வைத்து, மெல்லக் குத்தி, 15 நிமிடம் கழித்து எழும் தடிப்பை அளக்கிறார்கள். ஒப்பிடுவதற்காக வைக்கும் உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் அதிகமாகத் தடித்தால் அது நேர்மறை. சோதனைக்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பே செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளின் அளவை இரத்தத்தில் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டும் காட்டுவது உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதை மட்டுமே. சாப்பிட்டால் தொல்லை வருமா என்பதை அவை தனியாகச் சொல்லாது. தூசிப்பூச்சிக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, இரண்டிலும் உள்ள ஒரே மாதிரியான புரதத்தால் இறாலுக்கும் நேர்மறை வரலாம்; அது இறால் குழம்பைச் சிக்கலின்றிச் சாப்பிட்டும் வரலாம்.

இதை அறியாமல் நாங்கள் பட்டது சிறிதல்ல. ஒரு பரிசோதனைக் கூடத்தில் பல உணவுகளை ஒன்றாகப் பார்க்கும் பட்டியல் சோதனை எடுத்து, அரிசி, துவரை, தக்காளி, கத்தரி உட்பட 14 உணவுகளுக்கு நேர்மறை என்று தாள் வந்தது. 4 மாதம் அத்தனையும் நிறுத்தினோம். அவள் எடை 2 கிலோ குறைந்தது. ஒவ்வாமை மருத்துவர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு, “சோதனைக்கு முதல் நாள் என்ன சாப்பிட்டாள்?” என்று மட்டும் கேட்டார். சோறும் பருப்பும்தான். முன்பு எந்தத் தொல்லையும் இன்றிச் சாப்பிட்ட உணவை ஒரு தாளுக்காக நிறுத்தக் கூடாது. சந்தேகம் உள்ள உணவுக்கு மட்டுமே சோதனை எடுக்க வேண்டும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளின் பெயரில் விற்கப்படும் உணவுப் பட்டியல் சோதனைகள் ஒவ்வாமையைக் கண்டறியவே உதவாது.

ஐயம் தீராதபோது இறுதிச் சோதனை, மருத்துவமனையில் அந்த உணவையே சிறிது சிறிதாக, சுமார் 20, 30 நிமிட இடைவெளியில் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பது. அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில், ஆஸ்துமா நல்ல கட்டுப்பாட்டில் இருக்கும் நாளில் மட்டுமே இதைச் செய்வார்கள். “கொஞ்சூண்டு நாக்குல வெச்சுப் பார்ப்போம்” என்று வீட்டில் முயலவே கூடாது.

தம்பி தங்கை பிறந்தால், அவர்களுக்கும் பயந்து நிலக்கடலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான லீப் ஆய்வில், 11 மாதத்துக்குள் கடலை உணவு கொடுக்கத் தொடங்கியவர்களுக்கு, தவிர்த்தவர்களைவிடக் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு இணை உணவு தொடங்கிய பிறகு, நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.

ஆறாம் படி: சமையலறை, கடைவீதி, பந்தி, பள்ளி

உறுதியான உணவை மட்டும், முழுமையாகத் தவிர்க்க வேண்டும். நிலக்கடலை என்றால் கடலை உருண்டையோடு முடிவதில்லை. இட்லிப் பொடி, தக்காளிச் சட்னி, புளியோதரை, மிக்சர் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் புரதம் தங்கும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது பாதுகாப்பில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் வகை ஆகியவற்றைப் பொட்டலத்தில் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எள் இல்லை என்பதால், எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மூலப்பொருள் வரியை முழுவதுமாகப் படிக்க வேண்டும்.

ஏற்காடு கோடை விழாவில் பஜ்ஜிக் கடைக்கு முன் நிற்கும்போது மாவில் என்ன இருக்கிறது என்பதோடு, அதே வாணலியில் முன்பு என்ன பொரித்தார்கள் என்றும் கேளுங்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவருக்குக் குருமாவில் முந்திரியா கடலையா என்பது தெரிய வாய்ப்பில்லை. சமையல் மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். நான் தயிர்சாதம் ஒரு டப்பாவில் எப்போதும் எடுத்துப் போகிறேன், அதைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டாலும் விளக்கிச் சொல்கிறேன். மீன், இறால் ஒவ்வாமை கடுமையாக இருந்தால், அவை பொரியும் ஆவியிலேயே இளைப்பு வரலாம்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொன்னால் போதாது. முட்டை ஒவ்வாமை என்றால் சத்துணவு அமைப்பாளருக்கும், ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகளில் படித்தால் விடுதிக் காப்பாளருக்கும் சமையலறைக்கும் எழுத்தில் கொடுங்கள். குழந்தையின் படம், தவிர்க்க வேண்டிய உணவு, அவசரத்தில் செய்ய வேண்டியவை ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இன்ஹேலரும் ஸ்பேசரும் அலுவலக அறையில் பூட்டிக் கிடக்காமல் குழந்தை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: அவசரத்தில்

முதலில் இளைப்பு மட்டும் முற்றும் நிலை. மருத்துவர் எழுதித் தந்த திட்டத்தின்படி நிவாரணியை ஸ்பேசரில் கொடுங்கள். பொதுவாக 5 வயது வரை 2 அழுத்தல், அதற்கு மேல் 4 முதல் 10 வரை, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை சோர்ந்து துவண்டால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே போனால், எண்ணிக்கொண்டிருக்காமல் மருந்தைக் கொடுத்தபடியே புறப்படுங்கள். விசில் சத்தம் திடீரென நின்று குழந்தை களைத்துக் கிடந்தால் அது தேறிவிட்டதற்கான அடையாளம் ஆகாது. காற்றே போகவில்லை என்று பொருள்.

அடுத்தது அனாஃபிலாக்சிஸ், அதாவது உடல் முழுவதையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை. சந்தேகமான உணவுக்குப் பின் தோல், மூச்சு, வயிறு, மயக்கம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலோ, ஏற்கெனவே ஒவ்வாமை என்று தெரிந்த உணவுக்குப் பின் மூச்சுத் தொல்லை மட்டும் வந்தாலோ, முதல் மருந்து அட்ரினலின். இன்ஹேலர் அதற்கு அடுத்தது. செட்ரிசின் அரிப்பை மட்டுமே குறைக்கும். அது வேலை செய்யுமென்று காத்திருந்த நிமிடங்கள் வீணான நிமிடங்கள். இளைப்பா ஒவ்வாமையா என்று குழப்பமாக இருந்தால் அட்ரினலினையே முதலில் போடச் சொல்லிக் கற்றுத்தந்தார்கள். அது சுவாசக் குழாயையும் விரிக்கிறது.

தானாகக் குத்தும் பேனா வடிவ ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் அட்ரினலின் அடைத்த ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சும் கொடுத்துப் பயிற்சி தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில், கிலோ எடைக்கு 0.01 மில்லி வீதம், 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி, குழந்தைகளுக்குப் பொதுவான உச்ச அளவு 0.3 மில்லி. உங்கள் அளவை மருத்துவர் கையால் எழுதி டப்பா மூடியில் ஒட்டுங்கள். நுண்ணிய கோடுகள் உள்ள 1 மில்லி சிரிஞ்சே வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் கோடுகள் வேறு கணக்கு, ஊசியும் தசைக்கு எட்டாத அளவுக்குக் குட்டை. நடுத்தொடையின் வெளிப்புறத்தில், தேவையானால் ஆடையின் மேலேயே, தசைக்குள் போட வேண்டும். பிறகு படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. ஆகவே எப்போதும் இரண்டு ஆம்பூல். வெயில்காலத்தில் வண்டிப் பெட்டியில் விட்டு வைத்தால் மருந்து கெடும்; திரவம் பழுப்பேறினால் எறிந்துவிடுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 30 கிலோமீட்டர். அவசரத்திலும் ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து அந்தப் பாதையே அடைபட்டது. “கீழே போய் ஊசி போட்டுக்கொள்ளலாம்” என்ற எண்ணத்துக்கு மலையில் இடமில்லை. முதல் ஊசி வீட்டிலேயே. அடுத்து ஏற்காடு அரசு மருத்துவமனை. அங்கே நிலைப்படுத்திய பிறகே, தேவைப்பட்டால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. ஊசியில் தேறினாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும். ஆஸ்துமா உள்ள குழந்தையைக் குறைந்தது 6 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்திருக்கச் சொல்வார்கள்.

எட்டாம் படி: மறுமதிப்பீடு

தடுப்பு மருந்து தொடங்கிய 1 முதல் 3 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். 3 மாதம் முழுக் கட்டுப்பாடு இருந்தால் அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார். மழைக்காலம் தொடங்கும்போதும் தீபாவளிக்கு முன்பும் குறைக்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். முட்டை ஒவ்வாமை அதற்கோ தட்டம்மைத் தடுப்பூசிக்கோ தடையில்லை.

பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் விலகிவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதியுங்கள். கடலை ஒவ்வாமை ஐவரில் ஒருவருக்குத்தான் விலகுகிறது. பால் நிறுத்தப்பட்ட குழந்தைக்குக் கேழ்வரகு, கீரை, எடைக் கணக்கு மூன்றையும் உணவு ஆலோசகரோடு திட்டமிடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், மே விடுமுறையில் ஏற்காட்டில் இருக்கும்போதே, ஆம்பூலின் காலாவதித் தேதி, இன்ஹேலரின் மிச்ச எண்ணிக்கை, எடைக்கேற்ற புதிய அளவு மூன்றையும் சரிபார்க்கிறோம். காலாவதியான ஆம்பூலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறோம். மகளுக்கு இப்போது 12 வயது. இந்த ஆண்டு தோட்டத்து ஆரஞ்சு ஒன்றை மடியில் வைத்து, ஆம்பூலை உடைத்து, 0.3 கோடுவரை இழுத்து, காற்றுக்குமிழியை வெளியேற்றி, அவளே குத்திக் காட்டினாள். பிறகு சிரிஞ்சைத் தாத்தாவிடம் நீட்டி, “இப்ப நீங்க பண்ணுங்க தாத்தா, நான் பார்க்கிறேன்” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் மூன்றாம் முறையில் சரியாக இழுத்தார்.